மூக்கில்லாத வருசம்

தையில் வந்த காய்ச்சல் பதினொரு நாளில் போனது.
போகும்போது மூக்கையும் கொண்டுபோனது.
மீன் கருகினால் புகை கண்ணில் பட்டுத்தான் தெரியும்.
மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு
ஒரே தண்ணீர்.
கிளமென்ட் கேட்டபோது "வந்திட்டு" என்று சொல்லிவைத்தேன்.

முந்திரி யாரையும் கேட்கவில்லை,
மாசியில் பூத்துப் பங்குனிக் கடைசியில் பழுத்தது.
மாங்கேணி மணலில் விழுந்த பழத்துக்கு
ஒரு பகல்தான் ஆயுள், பிறகு அது எறும்புக்கு.
விடிய நாலு மணிக்கு டோர்ச்சோடு குனிந்து பொறுக்கினோம்.
கொட்டையைத் திருகி ஒரு வாளி,
பழம் மறு வாளி.
கொட்டைக்கு வியாபாரி வருவான்.
பழத்துக்கு நாங்கள்தான்.

வேதப்புத்தகத்தில் முந்திரிகை என்றால் திராட்சை.
சின்ன வயதில் எனக்கு அது தெரியாது.
கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் மாறியது
எங்கள் வளவுப் பழச்சாறாகத்தான் என்றிருந்தேன்.
மாதா அந்தரப்பட்டது
விருந்தாளிகளின் வெள்ளை உடுப்பில் கறை பிடிக்குமே என்று.

சவ்வரிசிக் கஞ்சி விட்டுத் துவர்ப்பை இறக்கினேன்.
"போதும், இனி வடி" என்று
வருசா வருசம் மூக்குச் சொல்லும்.
இந்த முறை பீப்பாயில் காதை வைத்தேன்.
நறநறவென்றது, பிறகு நற, பிறகு
நெடுநேரம் கழித்து ஒரு ந.
ஒரு வியாழக்கிழமை அதுவும் இல்லை. வடித்தேன்.

இன்று திறப்பு.
மேசையில் ஐந்து கிளாஸ், ஐந்தும் ஐந்து சாதி.
நிறம் தெரிகிறது: தேனுக்கும்
தேங்காயெண்ணெய்க்கும் நடுவில் ஏதோ.
எல்லாரும் மணந்து பார்க்கிறார்கள். நானும்,
கண்ணை மூடி, தலையை லேசாகச் சரித்து.
பதினெட்டு வருசப் பழக்கம்
முகத்தில் தன்பாட்டில் ஓடுகிறது.

வாய்க்கு வந்தது கொஞ்சம் இனிப்பு,
அதைவிடக் கொஞ்சம் புளி,
பிறகு நாக்கின் ஓரத்தைப் பிடித்திழுக்கும் பழைய காறல்.
அவ்வளவுதான்.
கதவு திறக்கிறது, உள்ளே வீடில்லை.

ஆகவே முகங்களைக் குடித்தேன்.
மச்சாள் டொறத்தியின் புருவம் அசையவில்லை.
பூனை குட்டி போட்டாலும் அசையாது,
காணி கைமாறினாலும் அசையாது.
மகன் ஜொய்சன், "போன முறையைவிட, ம்..." என்றான்,
போனுக்குத் திரும்பினான்.
கிளமென்ட், "நல்லா வந்திரிக்கி."
உப்பில்லாத ஆணத்துக்கும் அதே வசனம்தான்,
இருபத்து மூன்று வருசமாக.

ஐந்தாவது கிளாஸ் தொடப்படாமல் நின்றது.
அது மதுவரி அலுவலர் அஸ்மிருக்கு, மரியாதைக்கு வைப்பது.
காத்தான்குடிக்காரர், ஒரு துளி தொடமாட்டார்.
நீளக் குழாயில் ஊற்றி மிதவையை விட்டார்.
அது ஆடி ஆடி நின்றது.
சித்திரையில் குறித்த எண்ணிலிருந்து கழித்து,
"பதினொன்று தசம் நாலு" என்று எழுதினார்.
பேனையை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"எனக்கு அளவு மட்டும்தான் தெரியும்.
இதுர வாசம் எப்பிடி அக்கா இரிக்கும்?"

பாசிக்குடா ஹோட்டல்காரருக்காகப்
பாடமாக்கி வைத்த பதில் ஒன்று இருந்தது,
மாம்பழத்தோல், ஈரப் பலகை என்று.
வாய் வரை வந்தது.

"தெரியாது தம்பி. தையிலிருந்து எனக்கு மூக்கில்ல."

கிளமென்ட் போத்தலைக் கீழே வைத்தார்.
ஜொய்சன் போனைக் கவிழ்த்தான்.
வெளியே கோழி எதையோ கிளறும் சத்தம்.

பிறகு கிளமென்ட் தன் கிளாசை எடுத்து
மூக்கை உள்ளே விட்டார், கிணற்றில்
வாளி தேடுகிறவரைப் போல.
"முதல்ல... நனைஞ்ச சாக்கு.
இல்ல, பொறு.
சாக்குக்குப் பின்னால பலாச்சுளை,
கையில ஒட்டின பிசின், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ முந்தி..."
வேர்த்திருந்தார். மறுபடி மணந்தார்.
அத்தனை சொல்லை அவர் வாயில்
நான் கேட்டதே இல்லை.

"சாக்கு இல்ல," என்றாள் டொறத்தி.
"புதுக் கொப்பி. தையில பள்ளிக்கூடம் தொடங்கக்குள்ள."

அஸ்மிர் படிவத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டிருந்தார்.
"கோடு போட்டதா," என்றார், "போடாததா?"

டொறத்தி கிளாசை நீட்டினாள்.
கிளமென்ட் மறுபடி ஊற்றினார்.